வேகத்தடையில் போன இரண்டரை லட்சம்: ஸ்போர்ட்ஸ் கார் இன்சூரன்ஸ் பற்றி ஒரு சர்வேயர்

தரையில் படுத்துத்தான் அந்தக் காரைப் பார்த்தேன். முன் பம்பரின் உதடு கிழிந்து தொங்கியது. லிஃப்டில் ஏற்றினால் மிச்சமும் கையோடு வந்துவிடும் என்று ஒர்க்‌ஷாப் பையன் பயந்தான். செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தால் கிரில் உடைந்திருக்கிறது, காற்று போகும் பிளாஸ்டிக் குழாய் இரண்டாகப் பிளந்திருக்கிறது, அடித்தட்டு கிழிந்திருக்கிறது, இடது ரேடியேட்டர் நசுங்கியிருக்கிறது. போர்ஷே 911க்கு எஞ்சின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்பக்கம்தான். விபத்து என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஈசிஆரிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் பெயிண்ட் அழிந்துபோன வேகத்தடை, அவ்வளவுதான்.

எஸ்டிமேட்டில் பிளாஸ்டிக் உருப்படிகள் மட்டுமே ஐந்து லட்சத்தைத் தொட்டன. உரிமையாளர் சிரித்துக்கொண்டே, "ஃபுல் இன்சூரன்ஸ்தானே சார் போட்டிருக்கேன்?" என்று கேட்டார். அவருடைய பாலிசியைத் திருப்பிப் பார்த்தேன். பம்பர் டு பம்பர், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் கூடுதல் கவர், இல்லை. பிரீமியம் அதிகமாக இருக்கிறது என்று அவரே எடுக்கச் சொல்லியிருக்கிறார். அது இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான், பேட்டரி, டயர், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதி விலைதான் கிடைக்கும். கார் நேற்று வாங்கியதாக இருந்தாலும் இதே கணக்குதான். இரண்டரை லட்சம் அவர் பாக்கெட்டிலிருந்து போனது. பிரீமியத்தில் அவர் மிச்சம் பிடித்தது அதில் பாதிகூட இல்லை.

மோட்டார் சர்வேயராக, அதாவது கிளெய்ம் வந்த கார்களின் சேதத்தை மதிப்பிடும் வேலையில், நான் பார்க்கும் கார்களில் பெரும்பாலானவை ஸ்விஃப்ட், ஐ20, இன்னோவா வகைதான். எப்போதாவது ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வரும். வந்தால் அன்று முழுக்க ஃபோன்தான். இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் பிரீமியத்தில் பேரம் பேசுகிற அளவுக்கு பாலிசியை வாசிப்பதில்லை.

முதலில் பிரீமியம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். அதில் இரண்டு பாகம். தேர்டு பார்ட்டி என்பது உங்கள் கார் அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கானது, அதன் தொகையை அரசு நிர்ணயிக்கும். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1,500 சிசிக்கு மேற்பட்ட எந்தத் தனியார் காருக்கும் ஆண்டுக்கு 7,897 ரூபாய். புதுக் கார் என்றால் மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 24,596. இந்தப் பட்டியலுக்கு சிசி மட்டும்தான் தெரியும், வேகம் தெரியாது. 300 குதிரைத்திறன் கொண்ட போர்ஷே 718 கேமனும் கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் சொந்த உபயோக இன்னோவாவும் அதற்கு ஒன்றுதான். இதைவிட வேடிக்கை பிஎம்டபிள்யூ ஐ8. கதவு மேல்நோக்கித் திறக்கும், விற்பனையில் இருந்தபோது விலை இரண்டு கோடிக்கு மேல். ஆனால் அதன் பெட்ரோல் எஞ்சின் 1,499 சிசி. ஆக, 1,197 சிசி ஸ்விஃப்ட் இருக்கும் அதே படியில், 3,416 ரூபாயில், அதுவும் நிற்கிறது. ஹைப்ரிட் என்பதால் அதிலும் 7.5 சதவீதம் தள்ளுபடி. ஸ்விஃப்ட்காரருக்கு அது கிடையாது!

பணம் போவது இரண்டாவது பாகத்தில், ஓன் டேமேஜில், அதாவது உங்கள் காரின் சொந்தச் சேதத்துக்கான கவரில். காரின் இன்றைய மதிப்பை, அதாவது ஐடிவியை, வைத்து அதில் இத்தனை சதவீதம் என்று போடுவார்கள். 2002ஆம் ஆண்டின் பழைய டாரிஃப் (கட்டண விதிகள்) புத்தகத்தில் சென்னை போன்ற பெருநகரங்களில் 1,500 சிசிக்கு மேற்பட்ட, ஐந்து வயதுக்குள்ளான காருக்கு 3.44 சதவீதம் என்று இருக்கும். 2007இல் விலைக் கட்டுப்பாடு போய்விட்டது. இன்று நிறுவனங்கள் அந்தப் புத்தகத்தின் மேல் தங்கள் இஷ்டப்படி தள்ளுபடி தருகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷோரூம் விலை இரண்டு கோடி. புதுக் காருக்கு 5 சதவீதம் கழித்து ஐடிவி 1.90 கோடி. 3.44 சதவீதம் என்றால் 6,53,600. அறுபது சதவீதம் தள்ளுபடி கிடைத்ததாக வைத்தால் 2,61,440. தேர்டு பார்ட்டி 24,596, அப்புறம் ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்தம் 3,37,500 ரூபாயைத் தாண்டுகிறது. ஆட்-ஆன் (கூடுதல் கவர்) ஒன்றுகூட இன்னும் சேர்க்கவில்லை.

அந்தத் தள்ளுபடியும் சும்மா வராது. சாதாரணக் காருக்குக் கிளை அலுவலகத்திலேயே பாலிசி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த மதிப்புக்கு மேலிடத்து ஒப்புதல் கேட்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஊரில் லட்சம் ஸ்விஃப்ட் ஓடுகிறது, பத்து மோதினால் மிச்சம் பேர் கட்டிய பணத்தில் சரிக்கட்டலாம். இந்த மாதிரிக் கார் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் ஓடும், ஒன்று மோதினாலே அந்த வருடக் கணக்கு போச்சு. உதிரி பாகம் கப்பலிலோ விமானத்திலோ வர வேண்டும், சுங்கம் கட்ட வேண்டும். ஒர்க்‌ஷாப்பும் எல்லா ஊரிலும் கிடையாது. திருநெல்வேலியில் கார் நின்றுவிட்டால் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும். சாதாரண பாலிசி டோயிங்குக்குத் தரும் உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? 1,500 ரூபாய். திருநெல்வேலியைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். கூடுதல் டோயிங் அல்லது ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா, இருந்தால் எத்தனை கிலோமீட்டர் வரை என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கார்பன் ஃபைபர் என்று ஒரு தலைவலி உண்டு. டாரிஃப் புத்தகத்தில் ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம் தேய்மானம், பிளாஸ்டிக்குக்கு 50, கண்ணாடிக்குக் கிடையாது, உலோகத்துக்கு வயதைப் பொறுத்து. கார்பன் ஃபைபர் என்ற சொல்லே அதில் இல்லை. எழுதியவர்கள் காலத்தில் அம்பாசடர் ஓடிக்கொண்டிருந்தது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பின் பம்பருக்கு அடியில் இருக்கும் கார்பன் ஃபைபர் டிஃப்யூசர் உடைந்து வரும்போது அது முப்பதா ஐம்பதா என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். பம்பர் டு பம்பர் இருந்தால் அந்தச் சண்டையே வராது. இந்த ரகக் காரில் மற்ற எந்த ஆட்-ஆனை விட்டாலும் இதை விடாதீர்கள் என்பேன். ஐந்து வயதுக்கு மேல் இதைத் தரப் பல நிறுவனங்கள் தயங்கும் என்பதையும் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியைக் குறைப்பது இன்னொரு பழக்கம். கார் திருடு போனால் கிடைப்பது ஐடிவிதான் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாத இன்னொன்று உண்டு. பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கார் டோட்டல் லாஸ், அதாவது பழுது பார்க்காமல் ஐடிவியைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். நான்கரை வயதுக் காரின் ஐடிவி, பட்டியலின்படி, பாதியாகிவிடும். பம்பருக்கும் ஹெட்லேம்ப்புக்கும் அப்படி வயதாவதில்லை, அவை இன்றைய புது விலையில்தான் வரும். இரண்டு கோடி காரின் ஐடிவி ஒரு கோடிக்கு வந்திருக்கும்போது அதையும் எண்பது லட்சமாக இறக்கிவிட்டால், எஸ்டிமேட் அறுபது லட்சத்தைத் தாண்டியதுமே கார் கணக்கு முடிந்துவிடும். நன்றாகச் சரிசெய்து ஓட்டக்கூடிய கார் ஏலத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஐடிவியில் சாலை வரி சேராது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். இரண்டு கோடி காருக்கு நாற்பது லட்சம். வாங்கிய மூன்றாம் மாதம் கார் எரிந்துபோனால் அந்த நாற்பது லட்சமும் சேர்ந்தே எரிகிறது. ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற ஆட்-ஆன் இதற்குத்தான். சில நிறுவனங்கள் இன்வாய்ஸ் தொகையோடு நிறுத்திக்கொள்ளும், சில வரியையும் பதிவுச் செலவையும் சேர்த்துத் தரும். வாசகத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மழைக்காலம் வந்தால் எனக்குத் தூக்கம் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நான் பார்த்த பெரும்பாலான எஞ்சின்கள் வெள்ளத்தால் போகவில்லை, சாவியால் போனவை. நின்ற காரை ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்று பட்டனை அழுத்துவார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது விபத்தின் நேரடி சேதமில்லை, பின்விளைவு என்று சாதாரண பாலிசி ஒதுக்கிவிடும். தரையைத் தொட்டுக்கொண்டு ஓடும் காருக்கு முழங்கால் தண்ணீரே வெள்ளம். எஞ்சின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆனைப் போட்டுக்கொள்ளுங்கள். போட்டிருந்தாலும் அந்தப் பட்டனைத் தொடாதீர்கள்.

ரேஸ் டிராக் விஷயத்துக்கு வருகிறேன். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் டிராக் இருக்கிறது. சொந்தக் காரோடு போய் ஒரு நாள் ஆசை தீர ஓட்டலாம், தவறில்லை. ஆனால் பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குப் பயன்படுத்தும்போது பாலிசி செல்லாது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஒருவர் கிளெய்ம் படிவத்தில், நெடுஞ்சாலையில் நாய் குறுக்கே வந்தது, சாலையை விட்டு இறங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தார். சக்கர வளைவுக்குள் கையை விட்டேன். உரசிய சூட்டில் உருகிய டயர் துகள்கள் எள்ளுருண்டை மாதிரி திரண்டு ஒட்டியிருந்தன. ரேடியேட்டருக்குக் காற்று போகும் குழாய்க்குள் ஒரே அளவான கூழாங்கற்கள், டிராக் வளைவுகளில் கொட்டி வைத்திருப்பார்களே, அதே கல். கதவில் வட்டமாகப் பசைத் தடம், எண் ஸ்டிக்கர் உரித்த இடம். "நாய்க்கு என்ன நம்பர் போட்டிருந்தாங்க சார்?" என்று கேட்டேன். அவர் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

எஞ்சின் ரீமேப் (சக்தியைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது), சைலன்சர் மாற்றம் செய்தவர்கள் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அதற்கு முன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அந்த மாற்றத்தை அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஆர்சி பெயர் மாற்றத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பதினான்கு நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தேர்டு பார்ட்டி தானாக உங்களோடு வந்துவிடும், ஓன் டேமேஜ் வராது. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் தள்ளுபடியும், வராது, அது காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம்.

இந்தக் கடைசி வரியால்தான் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு லாபம் கிடைத்தது. கோவைக்காரர், பதினைந்து ஆண்டு ஒரே ஸ்விஃப்டை ஒரு கிளெய்மும் இல்லாமல் ஓட்டியவர், போனஸ் உச்சமான 50 சதவீதத்தில் நின்றது. அதை விற்றுவிட்டு இரண்டு கோடி காரை புக் செய்தார். ஏஜென்ட் புதுப் பாலிசிக்கு போனஸ் ஏதும் போடாமலே கொட்டேஷன் அனுப்பியிருந்தார். "அண்ணா, பழைய கம்பெனியில போய் நோ கிளெய்ம் போனஸ் லெட்டர் வாங்குங்க" என்றேன். "அது மாருதிக்கு வந்ததுங்களே, இதுக்கு எப்படிச் செல்லும்?" என்று அவர் நம்பவில்லை. இரண்டும் தனியார் கார் என்பதால் செல்லும். பழைய பாலிசி முடிந்து மூன்று ஆண்டுக்குள் பயன்படுத்திக்கொண்டால் போதும். மறுநாள் ஆர்சி மாற்றிய நகலோடு போய் அரைப் பக்கக் கடிதத்தை வாங்கி வந்தார். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் பாதி குறைந்தது. ஜிஎஸ்டியோடு ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். ஸ்விஃப்டை அவர் விற்றது ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு.