செல்ஃப் எடுக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் சாவியை விடுங்கள்

பழைய மாருதி 800, ஆம்னி வைத்திருப்பவர்களிடமிருந்து எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு அடிக்கடி வரும் போன் இது: “செல்ஃப் நல்லா எடுக்குதுண்ணே, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது.” பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் யாரோ சாவியைத் திருகும் சத்தமும் கேட்கும். முதலில் அதை நிறுத்தச் சொல்வேன்.

ஒரே மூச்சில் 10 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது விட வேண்டும். விடாமல் அடித்தால் பேட்டரி இறங்கும், செல்ஃப் மோட்டார் சூடாகும், இன்ஜினுக்குள் தீப்பொறி தரும் பிளக்குகள் பெட்ரோலில் நனையும். ஒரு கோளாறோடு நின்ற வண்டி மூன்று கோளாறோடு வந்து சேரும்.

செல்ஃப் எடுக்கிறது என்றாலே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். இன்ஜின் சோம்பலாகச் சுற்றினால் இருக்கும் கரன்ட்டையெல்லாம் மோட்டாரே இழுத்துக்கொள்கிறது, பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜை உண்டாக்கும் காயிலுக்குப் போதுமான வோல்டேஜ் போகவில்லை என்று பொருள். பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். பல வண்டிகள் அதிலேயே கிளம்பிவிடும்.

நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், அடுத்து பிளக்கில் கரன்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, ஒயரோடு சேர்த்து, அதன் உலோக உடம்பு இன்ஜினில் படும்படி வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்வோம். தீப்பொறி நீலமாகப் பளிச்சென்று அடித்தால் நல்லது. மஞ்சளாகத் தயங்கி அடித்தால் பலவீனம். வெறும் கையால் பிடிக்காதீர்கள், ஒயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. பெட்ரோல் வாடை வரும் இடத்தில் இந்தச் சோதனையே வேண்டாம். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது.

மழை பெய்த மறுநாள் காலையில் நின்ற வண்டி என்றால் நான் முதலில் கை வைப்பது, காயிலிலிருந்து வரும் கரன்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில். ஒருவர் புது பேட்டரி, புது பிளக், புது காயில் எல்லாம் மாற்றிவிட்டு வந்தார். மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன். உள்ளே ஒரு முனையிலிருந்து பக்கத்து முனைக்குப் பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு. ஈரம் பட்டதும் பிளக்குக்குப் போக வேண்டிய கரன்ட் அந்த வழியாகத் தாவிவிடும். வெயில் ஏறியதும் வண்டி தானாகவே சரியாகிவிடும், அதனால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. மூடியையும் அதற்குள் சுற்றும் ரோட்டாரையும் மாற்றினோம், வேலை முடிந்தது. அவர் அதுவரை செலவழித்ததில் இது ஒரு சிறு பங்குதான்.

கரன்ட் சரி என்றால் பெட்ரோல். 2000-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வருவதற்கு முந்தைய, பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் பெட்ரோல் பம்ப்பை இன்ஜினே இயக்கும். அதன் ரப்பர் டயாஃப்ராம் கிழிந்தால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏறாது. இன்ஜின் ஆயிலிலும் கலந்துவிடலாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் அளவும் கூடியிருந்தால், பம்ப்பைச் சரிசெய்து ஆயிலையும் மாற்றாமல் இன்ஜினை ஓட்டக் கூடாது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் சோதனை இன்னும் எளிது. சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பினால் டேங்க் பக்கம் இரண்டு மூன்று வினாடி ‘ம்ம்’ என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே, அதற்கு அப்புறம்தான் பம்ப். நேராகப் பம்ப்பை மாற்றச் சொன்னால், ஃபியூஸும் ரிலேவும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அதை நினைத்துச் செய்யாத பழைய ரப்பர் குழாய்கள் ஊறி, வெடித்துக் கசியும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி என்றால் குழாய்களைப் பார்க்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

கடும் பெட்ரோல் வாடை வந்து பிளக்கும் நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ, அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விட வேண்டாம். கார்புரேட்டரில் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் பீய்ச்சும். சோக் (காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டும் விசை) போட்டிருந்தால் எடுத்துவிட்டு, கால் மணி நேரம் காத்திருங்கள். பிறகு பெடலை முழுதாக அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, பாட்டிலால் கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், கொஞ்சம் பிசகியிருந்தாலும் பேக் அடித்து, தீ கார்புரேட்டர் வழியாக மேலே வரும். அந்த நேரத்தில் பாட்டில் ஊற்றுகிறவரின் கையில் இருக்கிறது, முகம் பானெட்டுக்குள் இருக்கிறது. கை வெந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊற்றித்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் பெட்ரோல் ஏறவில்லை என்பது மட்டும்தான் தெரிய வரும். அதை முன்பே சொன்ன சோதனைகளிலேயே தெரிந்துகொள்ளலாம். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரியும் பெட்ரோல் மிதந்து பரவும். பவுடர் தீயணைப்பான், இல்லையென்றால் மணல்.

கடைசியாக, செல்ஃப் அடிக்கும்போது வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக, லேசாக, வேகமாகச் சுற்றும் சத்தம் கேட்டால், இன்ஜினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டைச் சந்தேகியுங்கள். மாருதி 800-இல் இதைப் பார்ப்பது எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்து ஒருமுறை செல்ஃப் அடித்தால் ரோட்டார் சுற்ற வேண்டும். அசையவில்லை என்றால் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அதற்கு மேல் செல்ஃப் அடிக்கவும் வேண்டாம், நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளவும் வேண்டாம். பெல்ட் அறுந்த நிலையில் சுற்றினால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வை இடித்துவிடும். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், இழுக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.