எச்.ஓ. கதவு மூடி ரொம்ப நாளாச்சு

சான் ஹோசேயில் குடிவரவு வழக்குகள் பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் வியட்நாமியக் குடும்பங்கள். போன வாரம் ஒரு பெரியவர், பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய கடிதம் ஒன்றை மேஜையில் வைத்தார். 1991இல் பாங்காக்கில் இருந்த அமெரிக்க அலுவலகம் அவருக்கு அனுப்பியது. ஓரத்தில் நீல மையில் 'எச்.ஓ.' என்று அவரே எழுதியிருக்கிறார்; வியட்நாம் போருக்குப் பின் முகாமில் அடைபட்டவர்களை அமெரிக்கா ஏற்றுக்கொண்ட திட்டம் அது. இந்த ஃபைலை வைத்தே தம்பி குடும்பத்தையும் கூப்பிட்டுவிடலாம் என்று ஒரு ஏஜென்ட் சொன்னாராம். முன்பணமும் கட்டிவிட்டார். இந்த வருடம் இப்படி வந்த நான்காவது ஆள்.

அந்த ஃபைல் அவர் விமானம் ஏறிய அன்றே முடிந்துவிட்டது. போருக்குப் பின் தப்பிக்க நினைத்த வியட்நாமியர்கள் படகில் ஏறிக் கடலில் சாகிறார்களே என்றுதான் 1979 மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையமும் வியட்நாமும் ஒப்பந்தம் போட்டு, முறையாக வெளியேற வழி செய்தன. வியட்நாம் அரசு வெளியேறும் அனுமதி தர வேண்டும். அமெரிக்க அதிகாரி நேர்காணலில் ஏற்க வேண்டும். ஒன்று தவறினாலும் பயணம் இல்லை. அப்படி வெளிநாடுகளுக்குப் போனவர்கள் 6 லட்சத்துக்கு மேல். அதில் ஒரு பிரிவுதான், 1989 ஒப்பந்தத்தில் வந்த எச்.ஓ. பழைய தெற்கு வியட்நாம் ராணுவத்தினரையும் அதிகாரிகளையும் புது அரசு அடைத்துவைத்த மறுகல்வி முகாமில் 3 ஆண்டோ அதற்கு மேலோ கிடந்தவர்களுக்கானது. கூட மனைவியும் மணமாகாத பிள்ளைகளும் வரலாம். தம்பிக்கு அன்றைக்கே அதில் இடம் கிடையாது! 1994 செப்டம்பரில் புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்தினார்கள். விட்டுப்போனவர்களுக்காக 2006 ஜூன் முதல் 2008 ஜூன் வரை கொஞ்சம் திறந்தார்கள். அவ்வளவுதான். எந்த ஏஜென்டிடமும் சாவி இல்லை.

தம்பிக்கு இருப்பது குடும்ப மனு மட்டும்தான். அண்ணன் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும்; 15 வருடத்துக்கு மேல் காத்திருக்கவும் வேண்டும். அந்த வரிசையில் காசு கொடுத்து முந்த முடியாது.

அப்புறம், என் வயிற்றெரிச்சல் ஒன்று. கிரீன் கார்டு வைத்திருக்கும் அப்பா, வியட்நாமின் கான் தோ நகரில் இருக்கும், மணமாகாத 25 வயது மகளுக்கு மனு போடுகிறார். ஏழு வருடம் காத்திருக்கிறார்கள். நல்ல வரன் வருகிறது, கல்யாணத்தைப் பதிவும் செய்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் அப்பா குடியுரிமை உறுதிமொழி எடுக்கிறார். ஆனால் கிரீன் கார்டுக்காரர் மணமாகாத பிள்ளைக்குத்தான் மனு போட முடியும்; அதனால் மனு கல்யாணத்தன்றே செத்துவிட்டது. விவாகரத்து வாங்கினாலும் உயிர் வராது. உறுதிமொழியை முதலில் எடுத்துவிட்டுக் கல்யாணம் செய்திருந்தால், மனு போட்ட அதே தேதியோடு, மணமான பிள்ளைகளுக்கான பிரிவுக்கு மாறியிருக்கும். இன்னும் சில வருடம் கூடும், ஆனால் வரிசை போகாது. (இந்தியாவில் பிள்ளை வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் இதே விதிதான்.)

கல்யாணத்தை மறைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஹோ சி மின் நகர நேர்காணலில் திருமண நிலைச் சான்றைத் தோண்டிப் பார்ப்பார்கள். பொய் பிடிபட்டால் வாழ்நாள் தடை.

தயவு செய்து, நாள் குறிக்கும் முன் ஒரு போன் போடுங்கள். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.