முழுமையின்மைத் தேற்றம்: எதற்கு முழுமை இல்லை?

மனித மனம் வெறும் இயந்திரமா என்று எழுத உட்காருகிற யாரும் கணிதத் தருக்க அறிஞர் குர்ட் கோடெலைத் தொடாமல் விடுவதில்லை. தொட்டதும் 'கோடெலின் முழுமையற்ற தேற்றம்' என்று எழுதிவிடுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

'முழுமையற்ற' பெயரெச்சம். தனக்கு அடுத்து வரும் பெயரைத்தான் அது பற்றும். வாலற்ற குரங்கு என்றால் வால் இல்லாதது குரங்குக்குத்தானே? அப்படியானால் இங்கே அரைகுறையாக நிற்பது தேற்றம் என்றாகிறது. கோடெல் 1931இல் வெளியிட்ட நிறுவலில் ஓட்டை ஏதும் இல்லை ஐயா! முழுமை இல்லாதது, அது பேசுகிற கணித முறைமைக்கு, அதாவது கூற்றுகளை நிறுவ உதவும் விதிகளின் தொகுப்புக்கு. தேற்றம் என்ற சொல்லே 'தேறு' என்பதிலிருந்து வந்தது. தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் முதலாவது தேற்றம், அதாவது உறுதி. உறுதிக்கே முழுமை இல்லை என்பது என்ன கூத்து?

ஒரு முறைமையின் மொழியில் எழுதக்கூடிய எந்தக் கூற்றையும், இல்லையேல் அதன் மறுப்பையும், அதன் விதிகளைக் கொண்டே நிறுவ முடிந்தால் அது முழுமையானது. கூட்டல் மட்டும் உள்ள எண்கணிதம் அப்படிப்பட்டது என்று 1929இல் கணித அறிஞர் பிரெஸ்பர்கர் காட்டினார். பெருக்கலும் சேர்ந்தால் போச்சு. முரணில்லாமல், இயந்திரம்போலப் பட்டியலிடக்கூடிய எந்த விதித்தொகுப்பிலும் ஏதோ ஒரு கூற்று இரண்டு பக்கமும் சிக்காமல் நழுவும். இந்தத் தன்மைதான் முழுமையின்மை. ஆகவே முழுமையின்மைத் தேற்றம். 'நிறைவின்மைத் தேற்றம்' என்பாரும் உண்டு. இலக்கணப்படி குற்றமில்லை, ஆனால் நிறைவு என்றதும் மனநிறைவு வந்து நிற்கும். மனத்தைப் பற்றிய கட்டுரையில் அந்த வில்லங்கம் வேண்டாம்.

இதைவிடப் பெரிய சேதம், consistency என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'முரணின்மை' என்று எழுதாமல் 'நிலைத்தன்மை' என்று போடுவது. ஒரு கூற்றையும் அதன் மறுப்பையும் சேர்த்தே நிறுவிவிடாத தன்மைதான் முரணின்மை. 1961இல் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி லூகாஸ் கோடெலின் தேற்றத்தை வைத்து வாதிட்டது இது: எந்த இயந்திரத்தைக் காட்டினாலும், அதனால் நிறுவ முடியாத ஓர் உண்மையை நாம் கண்டுகொள்வோம், ஆகவே மனம் இயந்திரமல்ல. 1989இல் இயற்பியலாளர் பென்ரோஸும் இதே வழியில் வந்தார். ஆனால் அந்த இயந்திரம் முரணில்லாதது என்று தெரிந்தால்தான் அக்கூற்று உண்மை என்று நாம் சொல்ல முடியும். சிக்கலான இயந்திரத்துக்கு அது நமக்கு எப்படித் தெரியும்? லூகாஸின் கட்டுரை அச்சேறும் முன்பே, 1960இல், தத்துவவாதி புட்னம் எழுப்பிய ஆட்சேபம் இது. விவாதத்தின் உயிர்நாடியே இங்கேதான். அந்த இடத்தில் 'இயந்திரத்தின் நிலைத்தன்மை' என்று படிக்கிறவர், அது ஆடாமல் நிற்குமா என்றுதான் யோசிப்பார். அகராதியில் கண்ணில் பட்ட முதல் சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்கள் இதையெல்லாம் எங்கே பார்க்கிறார்கள்!

கோடெலே 1951 உரையில் 'அல்லது' போட்டுத்தான் பேசினார்: மனம் எந்த இயந்திரத்தையும் விஞ்சியது, அல்லது மனத்தால் ஒருபோதும் தீர்க்க முடியாத எண்கணிதக் கேள்விகள் உண்டு. நம்மவர்கள் முதல் பாதியை மட்டும் தமிழாக்கி, 'கோடெல் நிரூபித்துவிட்டார்' என்று முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள்.