பின்பக்கம் உட்கார்ந்த வண்டியைக் காற்றுப் பை எப்படித் தூக்குகிறது?

சுமை ஏற்றியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் நிறையவே ஓடுகின்றன. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்புக்காகக் கருவிப் பெட்டியும் கேபிள் சுருளும் ஏற்றிக்கொண்டு செம்மண் தடத்தில் போகிறவை, களக்காட்டில் மலையடித் தோட்டத்துக்குள் இறங்கி வாழைத்தார்களோடு மேலேறி வருகிறவை, கூரையில் கூடாரமும் பின்னால் தண்ணீர்க் கேனும் கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவை என்று பல வகை. எல்லாவற்றுக்கும் ஒரே தொல்லைதான். ஹெட்லைட் மேலே பார்க்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும், சின்னக் குழியில் இறங்கினாலே பின்னால், சக்கரம் அளவுக்கு மேல் மேலேறாமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரில் டங்கென்று இடிக்கும். உடனே யாராவது ஒருவர் “பின்னால ரெண்டு ஏர் பேக் போட்டுருங்க, சரியாயிரும்” என்பார். போட்டால் வண்டி நிமிர்ந்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வண்டி நிமிர்ந்துவிட்டதே என்ற தைரியத்தில் இன்னும் நாலு மூட்டை ஏற்றுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

இது விபத்தில் ஸ்டியரிங்கிலிருந்து விரிகிற ஏர்பேக் இல்லை. பின் சக்கரங்களை இணைக்கிற ஆக்சிலுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடுவில் உட்கார்கிற ரப்பர்ப் பை. டயரைப் போலவே ரப்பருக்குள் நைலான் நூல் அடுக்குகள் வைத்துச் செய்திருப்பார்கள். சென்னைக்குப் போகிற ஆம்னி பஸ்களில் ‘ஏர் சஸ்பென்ஷன்’ என்று எழுதியிருப்பதும் இதே தத்துவம்தான். 1954-ல் அமெரிக்காவின் கிரேஹவுண்ட் நிறுவனத்துக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்த சீனிக்ரூசர் பஸ்ஸிலேயே இது வந்துவிட்டது, 1957-ல் காடிலாக் எல்டொராடோ புரோகாம் காரிலும் போட்டார்கள். ஆனால் பஸ்ஸுக்கும் நம் பிக்கப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பஸ்ஸில் ஸ்பிரிங் வேலை முழுவதையும் காற்றுப் பையே பார்க்கிறது, சேஸிஸையும் அதற்கென்றே வடிவமைத்திருப்பார்கள், ஆட்கள் ஏற ஏற உயரத்தைச் சரிசெய்ய தானியங்கி வால்வும் இருக்கும். நாம் போடுவது ஏற்கெனவே இருக்கிற ஸ்பிரிங்குக்குத் துணையாக ஒரு பை, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பை எப்படிச் சுமையைத் தாங்குகிறது என்பதற்குக் கணக்கு எளிது. உள்ளே இருக்கிற காற்றழுத்தத்தை, அது தள்ளுகிற பரப்பால் பெருக்கினால் தாங்கும் எடை வரும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள பை என்றால் பரப்பு சுமார் 177 சதுர சென்டிமீட்டர். அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம், அதாவது சுமார் 43 பிஎஸ்ஐ காற்று அடித்தால் ஒரு பை மட்டும் 530 கிலோவைத் தூக்கும். டயரில் அடிக்கிற அளவை விடக் கொஞ்சம் கூடுதலான காற்றுதான், இரண்டு பையும் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடுகிறது! அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ மாயம் மாதிரி தெரிகிறது.

இரும்பு ஸ்பிரிங்குக்கும் காற்றுக்கும் குணம் வேறு. இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த சாதாரணப் பட்டை ஸ்பிரிங் ஒரு சென்டிமீட்டர் அமுங்க எவ்வளவு எடை கேட்கிறதோ, அடுத்த சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய அதே எடைதான் கேட்கும். காற்று அப்படியில்லை, அமுக்க அமுக்க விறைக்கும். மேலே சொன்ன பையில் 2 கிலோ அழுத்தம் இருக்கிறது, 354 கிலோவைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தமானியில் தெரிகிற இந்த 2 கிலோவோடு வெளிக்காற்றின் அழுத்தம் 1 கிலோவையும் சேர்த்தால் உண்மையான அழுத்தம் 3. பையை மெதுவாகப் பாதிக் கொள்ளளவுக்கு அமுக்கினால் அது 6 ஆகும், மானியில் 5 காட்டும், தாங்கும் எடை 885 கிலோவாகிவிடும். இதே அமுக்கம் குழியில் டக்கென்று இறங்கும்போது நடந்தால் காற்று சூடாகி வெப்பம் வெளியேற நேரமில்லாமல் இன்னும் விறைத்து, 1,200 கிலோவைத் தாண்டும். (பையின் பரப்பு மாறாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது, நிஜத்தில் பையின் வடிவத்தைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.) பம்ப் ஸ்டாப்பில் இடிக்கிற டங் சத்தம் காணாமல் போவதற்கு இந்தக் குணம்தான் காரணம். கூடவே, சுமைக்கு ஏற்றபடி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடிவதால் வெற்று வண்டியிலும் லோடு வண்டியிலும் ஆட்டத்தின் வேகம் பெரிதாக மாறுவதில்லை. வெறும் பட்டையில் இது நடக்காது. லோடுக்கு ஏற்றபடி பட்டையைக் கூட்டினால் காலியாகத் திரும்பி வரும்போது இடுப்பு போய்விடும்.

பை போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கான முதல் கேள்வி இதிலிருந்தே வந்துவிடுகிறது. உங்கள் வண்டியில் சுமை எப்போதும் ஒரே அளவா, ஏறி இறங்குகிறதா? கருவிப் பெட்டியை இறக்கவே இல்லை, வருடம் முழுக்க அதே 300 கிலோதான் என்றால் பைக்குப் பணம் செலவழிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த எடைக்குப் பொருத்தமான பட்டை செட்டோ, சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங்கோ மாற்றிக்கொள்வதே நல்லது, அதில் ஒழுகக்கூடியது எதுவும் இல்லை. போகும்போது லோடு, வரும்போது காலி என்கிறவர்களுக்குத்தான் காற்றுப் பை கைகொடுக்கும்.

அடுத்தது, உங்கள் வண்டியில் பின்னால் இருப்பது பட்டையா காயிலா என்பது. ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ், பொலிரோ கேம்பர் போன்ற பிக்கப்களில் பின்னால் பட்டை. புதிய தார், ஃபார்ச்சூனர், ஜிம்னி, கூர்க்கா இவற்றில் காயில். காயில் வண்டியில் ஸ்பிரிங்குக்கு உள்ளேயே நுழைக்கிற உருளை மாதிரியான பை போடுவார்கள். அது பொதுவாக 35 பிஎஸ்ஐ வரைதான் தாங்கும், ஆனாலும் காயில் எங்கே சேஸிஸைத் தாங்கியதோ அதே இடத்தில்தான் இதுவும் தாங்குகிறது, அதனால் சேஸிஸுக்குப் புதிய வேதனை ஒன்றும் இல்லை. பட்டை வண்டியில்தான் விஷயம் சிக்கலாகிறது, இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பட்டை ஸ்பிரிங் சேஸிஸை இரண்டு இடத்தில் பிடித்திருக்கிறது, ஆக்சிலுக்கு முன்னால் ஒன்று, பின்னால், பட்டை அமுங்கி நீள இடம் கொடுக்கிற ஷேக்கிள் என்ற இணைப்பு இருக்கிற இடத்தில் ஒன்று. சுமை இந்த இரண்டுக்கும் பிரிந்து போகிறது. காற்றுப் பையோ ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் சேஸிஸை முட்டுகிறது. நீளமான மூங்கிலை இரண்டு பேர் இடைவெளி விட்டுத் தோளில் தாங்குவதற்கும், நட்டநடுவில் ஒருவர் மட்டும் தாங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இரண்டாவதில் இரண்டு முனையும் தொங்கி நடுவில் வளையும். டெயில் கேட் பக்கம் பாரம் அதிகமாக இருந்து, பின்னால் டிரெய்லரும் இழுத்து, பையில் காற்றையும் முழுக்க அடித்துக்கொண்டு குண்டும் குழியுமான பாதையில் ஓட்டினால் ஆக்சிலுக்கு மேலே சேஸிஸ் வளைந்து, லோடு ஏற்றுகிற தொட்டிக்கும் கேபினுக்கும் நடுவில் மேல்பக்கம் இடைவெளி விரிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் இரட்டைக் கேபின் பிக்கப்கள் இப்படி முதுகு முறிந்து நின்றது பலமுறை நடந்திருக்கிறது. நின்றுகொண்டிருக்கும்போது இருக்கிற சுமை, குழியில் விழுந்து எழும்போது இரண்டு மடங்குக்கு மேல்கூடப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பெரும்பாலானோர் கவனிக்காத ஒன்று உண்டு. லோடு ஏற்றிய வண்டியைக் காற்றடித்து வெற்று வண்டியின் உயரத்துக்கே கொண்டுவந்துவிட்டால், பட்டை அதே பழைய வளைவுக்குத் திரும்பிவிடுகிறது, அதாவது பட்டை வெற்று வண்டியின் எடையை மட்டும்தான் தாங்குகிறது. ஏற்றிய சுமை முழுவதும் பை வழியாக அந்த ஒரே புள்ளியில் இறங்குகிறது! அதனால் முழு உயரத்துக்குத் தூக்கவே கூடாது. காலியாக இருக்கும்போது சக்கர மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள், லோடு ஏற்றிவிட்டு மறுபடி அளங்கள், எவ்வளவு இறங்கியதோ அதில் பாதி அளவுக்கு மட்டும் காற்றால் மீட்டால் போதும். பட்டையும் பையும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்.

சரி, பின்பக்கம் நிமிர்ந்துவிட்டது, முன் சக்கரத்துக்கு எடை திரும்பிவிட்டதா? இல்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 3 மீட்டர் தூரமுள்ள வண்டியில், பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால் 200 கிலோ ஜெனரேட்டரை வைத்தால் பின் ஆக்சிலில் 280 கிலோ கூடுகிறது, முன் ஆக்சிலில் 80 கிலோ குறைகிறது. இது நெம்புகோல் கணக்கு, உயரத்தைப் பொறுத்தது இல்லை. காற்றடித்து வண்டியை மட்டமாக்கினாலும் அந்த 80 கிலோவில் மிகச் சொற்பம்தான் முன்னால் திரும்பி வரும். ஹெட்லைட் சரியாகிவிடும், ஸ்டியரிங் லேசாக இருப்பது அப்படியேதான் இருக்கும். அதே ஜெனரேட்டரைக் கேபின் சுவரை ஒட்டி, ஆக்சிலுக்கு முன்னால் நகர்த்தினால் ஒரு பைசா செலவில்லாமல் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பிரேக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து பட்டறைகளில் இதைப் பேசி நான் கேட்டதே இல்லை. பல பிக்கப்களில் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை முடிவு செய்ய ஒரு வால்வு இருக்கிறது, அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். வண்டி தாழ்ந்தால் லோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்திருந்தால் காலி என்று நினைத்துக் குறைக்கும். அதற்கு எடை தெரியாது, உயரம்தான் தெரியும். காற்றுப் பை போட்டு நிமிர்த்திய லோடு வண்டியை இந்த வால்வு காலி வண்டி என்று நம்பிவிடும், பின் பிரேக் பலவீனமாகும், நிறுத்த வேண்டிய பாரம் மட்டும் அப்படியே இருக்கும். மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்குகிற வளைவுகளில் இதை நினைத்தால் பயமாக இருக்கிறது. பை மாட்டுவதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து அந்தக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதை மறுபடி அளவு வைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள்.

ஆக்சில், பேரிங், டயர், ரிம், பிரேக், சேஸிஸ் எதுவுமே பை போட்டதால் வலுவாகிவிடவில்லை. ஆர்சி புத்தகத்தில் போட்டிருக்கிற மொத்த எடைதான் இன்றும் எல்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அபராதத்தை விட முக்கியம் உயிர், அது தனி. ஆகவே பை வாங்கும் முன் எடைமேடைக்குப் போங்கள். லோடோடு முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடை பாருங்கள், அப்புறம் முழு வண்டி, கடைசியாகப் பின் சக்கரங்கள் மட்டும். இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் உங்களுக்குத் தேவை பையா, வேறு ஸ்பிரிங்கா, குறைந்த லோடா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு என்று கேளுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் வண்டி சாய்கிற பக்கத்துப் பையிலிருந்து காற்று எதிர்ப்பக்கத்துக்கு ஓடும், தாங்க வேண்டிய நேரத்தில் தளர்ந்து போகும். கூரையில் பாரத்தோடு ஆடிக் காற்றில் பணகுடி பக்கம் ஓட்டியவர்களுக்கு அந்தச் சாய்வு என்னவென்று தெரியும். கேபினுக்குள் சுவிட்ச் வைத்த கம்ப்ரசர் வசதிதான், ஆனால் தினமும் லோடு மாறாதவர்களுக்குத் தேவையில்லை. பையின் கொள்ளளவு சிறியது என்பதால் கைப்பம்ப்பே போதும். அழுத்தமானியை ஒருமுறை வைத்து எடுத்தாலே சில பிஎஸ்ஐ போய்விடும், அதனால் பஞ்சர் கடையில் மேலோட்டமாகப் பார்க்கச் சொல்லாதீர்கள். காலியாக ஓடும்போதும் 5 பிஎஸ்ஐயாவது இருக்கட்டும், சுத்தமாக இறக்கிவிட்டால் பை மடிந்து நசுங்கிக் கிழியும். நம் வெயிலில் வெப்பமும் கணக்குதான். காலையில் 27 டிகிரியில் 43 பிஎஸ்ஐ வைத்த பை, வண்டிக்கு அடியில் 60 டிகிரி சூட்டில் 49 வரை ஏறலாம், ஆகவே காற்றைக் குளிர்ந்த நேரத்தில் பாருங்கள், அதிகபட்ச அளவை ஒட்டி அடிக்காதீர்கள். மலை ஏறினால் அழுத்தம் மாறுமே என்று சிலர் கேட்பார்கள். ஆயிரம் மீட்டருக்கு ஒன்றரை பிஎஸ்ஐதான், கண்டுகொள்ள வேண்டாம்.

பைக்கு ஆட்டத்தை அடக்கும் குணம் கிடையாது, அது ஷாக் அப்சார்பரின் வேலை. எண்ணெய் கசிகிற பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு பை மட்டும் போட்டால் வண்டி குதித்துக்கொண்டே போகும். பாறைத் தடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, இரண்டு முனையும் இறுக்கிப் பிடித்த பை இழுபட்டுக் கிழியலாம், அப்படிப்பட்ட பாதைக்குப் போகிறவர்கள் ஆக்சில் பக்கத்து முனை தானாக விலகி மறுபடி உட்கார்கிற தாங்கி வைத்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சைலன்சர் குழாயிலிருந்து பையும் காற்றுக் குழாயும் தள்ளி இருக்கிறதா என்று மாட்டிய அன்றே பார்த்துவிடுங்கள். தேரி மணலில் ஓட்டிவிட்டு வந்தால் பையின் மடிப்புக்குள் மணல் தங்கி ரப்பரை அரம் போல் தேய்க்கும், தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிராக்கெட் போல்ட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் வைத்து இறுக்கிவிட வேண்டும், ஆக்சிலைப் பட்டையோடு சேர்த்துப் பிடித்திருக்கிற யூ போல்ட்டையும் விட்டுவிடாதீர்கள்.