'அடர் மணற்கல்' அல்ல, இறுகிய மணற்கல்

சென்ற வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழ் மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டிக் கூட்டம். எண்ணெய், எரிவாயுத் துறை பற்றிப் பேசியவரின் படவில்லையில் 'அடர் மணற்கல் நீர்த்தேக்கத்தின் தரம்' என்று இருந்தது. பக்கத்தில் இருந்த பையன், "ஐயா, கிள்ளான் கேட்ஸ் அணை மாதிரியா?" என்று கேட்டான். அவன்மேல் தப்பே இல்லை.

ஆங்கிலத்தில் அது 'டைட் சேண்ட்ஸ்டோன் ரிசர்வாயர்'. ரிசர்வாயர் பிரெஞ்சிலிருந்து வந்தது. பிறகு வேண்டுமென்று எடுத்து வைப்பதே அதன் மூலப்பொருள், நீர் என்பதே அதில் இல்லை. எண்ணெயும் வாயுவும் தேங்கும் பாறை, ஆகவே தேக்கப்பாறை. சரி, இது முடிந்தது.

'டைட்'டுக்கு 'அடர்' போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பலர் வாயிலிருந்து இதைக் கேட்டுவிட்டேன். பழைய நார்ஸ் மொழியில் அதன் மூலச்சொல்லுக்கு நீர் ஒழுகாத, நெருக்கமான என்று பொருள். நெருக்கத்தைப் பிடித்துக்கொண்டு 'அடர்' என்றார்கள். ஆனால் பள்ளியில் படித்த எவருக்கும் அடர்த்தி என்றால் ஒரு கன அளவில் எவ்வளவு நிறை என்பதுதான். எண்ணெய்த் துறை கேட்பதோ கல்லின் கனத்தை அல்ல, எண்ணெயையும் வாயுவையும் அது தன் வழியே எவ்வளவு விடுகிறது என்பதை, அதாவது ஊடுருவுதிறனை. அது 0.1 மில்லிடார்சிக்கும் (ஒரு டார்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிடார்சி) குறைவு என்பது 'டைட்' வாயுத் தேக்கப்பாறைக்கு அமெரிக்காவில் வைத்த எல்லை. டார்சி என்ற அலகே, மணல் வழியே தண்ணீர் பாய்வதை அளந்து 1856-இல் நூலாக்கிய பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சியின் பெயர்தான்.

கார்த்திகைக்கு வீட்டில் பொரி உருண்டை பிடிப்பதைப் பாருங்கள். அள்ளிய பொரிக்குள் இடைவெளி நிறைய இருக்கும். புதிதாகப் படிந்த மணலும் அப்படித்தான், ஏறத்தாழ 40 விழுக்காடு வெற்றிடம். கையால் அழுத்தினால் பொரி நசுங்கும். புதையும் மணலிலும் மென்மையான பாறைத் துணுக்குகள் நசுங்கி இடுக்குகளை அடைக்கும். அப்புறம் பாகு இறுகும். பூமிக்குள் வெப்பம் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, குவார்ட்ஸ் மணிகளைச் சுற்றிக் குவார்ட்ஸே வளர்ந்து சிமெண்டாகிறது. மணிமேல் குளோரைட் என்னும் களிமண் கனிமம் மெல்லிய போர்வையாக இருந்தால் அந்த வளர்ச்சி தடைப்படும். நெய் தடவிய கையில் பாகு ஒட்டாதது போல. ஆழத்தில் கிடந்தும் சில மணற்கல் துளை குறையாமல் இருப்பது இதனால்தான். மணலில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் கரைந்தால் புதுத் துளைகளும் பிறக்கும்.

இனி இல்லைட் என்னும் இன்னொரு களிமண் கனிமத்துக்கு வருவோம். அது மயிரிழை போல வளர்ந்து துளைகளின் குறுகிய வாயில் குறுக்கே நிற்கும். கல்லின் அடர்த்தி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், துளைகளின் மொத்த அளவும் பெரிதாகக் குறையாது, ஆனால் வாயு நகராது. 'அடர் மணற்கல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவது?

'இறுக்கமான' என்பாரும் உண்டு. சட்டைக்கும் முகத்துக்கும் அது பொருந்தும். 'இறுகிய' என்றால் பாகு, சிமெண்ட், வெயிலில் காய்ந்த களிமண், எல்லாம் நினைவுக்கு வரும். தளர்வாக இருந்தது காலம் செல்லச் செல்லத் தானே கெட்டிப்பட்டு, உள்ளே எதையும் விடாமல் போகிறது. மணலுக்கு நடந்ததும் அதுதான்.

அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துப் போட்டால் கலைச்சொல் ஆகாது. பாறைக்குள் என்ன நடக்கிறது என்று நிலவியல் தெரிந்த ஒருவரிடம் கேட்க ஐந்து நிமிடம் போதும். பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனத்தின் இரட்டைக் கோபுரம் நிற்கும் கோலாலம்பூரில், தமிழ் பேசும் பெட்ரோலியப் பொறியாளருக்கா பஞ்சம்?

அந்தப் பையனிடம் இதில் பாதியைச் சொன்னேன். நோட்டில் 'இறுகிய மணற்கல் தேக்கப்பாறை' என்று எழுதிக்கொண்டு, "அப்போ உள்ளே இருக்குற கேஸ் எப்படிங்கய்யா வெளியே வரும்?" என்றான். தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்குவார்கள், விரிசல் மூடாமல் இருக்க மணலையும் சேர்த்து அனுப்புவார்கள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.