பத்திரம் பதிந்துவிட்டுக் கூப்பிடாதீர்கள்

புது வீட்டை வாங்குகிறவர் சார்பில் போய்ச் சோதித்துக் கொடுப்பதுதான் என் தொழில். சிவில் இன்ஜினியர். சென்னையைச் சுற்றி மண்ணிவாக்கம், படப்பை, குன்றத்தூர், கூடுவாஞ்சேரி, திருநின்றவூர் என்று லேஅவுட் போட்டு, அதே இடத்தில் வரிசையாக டூப்ளெக்ஸ் கட்டி விற்கிறார்களே, அந்த மாதிரி வீடுகள்தான் எனக்கு அதிகம் வரும். வருகிற போன்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி ஆரம்பிக்கும்: "சார், போன மாசம்தான் ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சுது, வீட்ல ஒரு சின்னப் பிரச்சினை, வந்து பாக்க முடியுமா?"

வந்து பார்க்கலாம், அதில் ஒன்றும் இல்லை. பார்த்து ரிப்போர்ட் கொடுத்த பிறகு அதை வைத்து யாரிடம் பேசுவது? கடைசித் தவணை பில்டர் கணக்குக்குப் போயாயிற்று, சைட் இன்ஜினியர் வேறு புராஜெக்ட்டுக்கு மாறிவிட்டார், கொத்தனார் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பதிவுக்கு முதல் நாள் வரை உங்கள் போனை முதல் ரிங்கிலேயே எடுத்த மார்க்கெட்டிங் தம்பி இப்போது மீட்டிங்கில் இருக்கிறார். சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் கையில் பணத்தை வைத்துக்கொண்டு கேட்பதும், பணத்தைக் கொடுத்துவிட்டுக் கேட்பதும் ஒன்றல்ல.

வாங்குகிறவர்கள் பலரும் நம்பிக்கொண்டிருப்பது இதுதான்: டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கிறது, பெரிய பாங்க் லோன் கொடுக்கிறது, அப்படியானால் யாரோ சரிபார்த்திருப்பார்கள். யாரும் சரிபார்க்கவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. டிடிசிபி அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கொடுக்கிற லேஅவுட் அனுமதி, மனைகள் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, ரோட்டுக்கு எவ்வளவு, பூங்காவுக்கு எவ்வளவு என்பதைப் பற்றியது. கட்டட அனுமதி, காகிதத்தில் உள்ள வரைபடத்துக்குக் கொடுப்பது. 2024-இல் வந்த சுய சான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைத்துவிடும். முன்கூட்டிய கள ஆய்வும் கிடையாது, கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை. சொந்த மனையில் தனக்காகக் கட்டுகிறவருக்கு இது பெரிய நிம்மதி, குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அதே மாதிரி அனுமதியில் இன்னொருவர் கட்டிய வீட்டை நீங்கள் காசு கொடுத்து வாங்கும்போது, வரைபடத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று எந்த அலுவலரும் டேப் பிடித்துப் பார்த்திருக்கவில்லை என்று அர்த்தம். பாங்க் அனுப்புகிற இன்ஜினியரோ, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இந்தச் சொத்தை விற்றால் கடன் திரும்பி வருமா என்று பார்ப்பவர். உங்கள் பாத்ரூம் கசியுமா என்பது அவர் வேலையே இல்லை.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண்ணையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் போடுகிற புராஜெக்ட் பதிவு செய்யப்பட வேண்டும். போர்டில் எண் போட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்கு நடுவிலேயே 'லேஅவுட்' அல்லது 'பில்டிங்' என்று ஒரு சொல்லோ அதன் சுருக்கமோ இருக்கும். லேஅவுட் என்று மட்டும் இருந்தால் பதிவாகியிருப்பது மனைகள்தான், உங்களுக்குக் காட்டிய வீடு அல்ல. இந்த வகையில் வியாபாரம் எப்படிப் போகும் என்றால், மனையை ஒரு நிறுவனம் உங்களுக்கு விற்கும், வீட்டைக் கட்டித் தர அதே முதலாளியின் இன்னொரு நிறுவனம் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் போடும். நாளைக்குச் சுவர் வெடித்தால் முதல் நிறுவனம் "நாங்கள் மனைதான் விற்றோம்" என்று சொல்லும், இரண்டாவது நிறுவனத்துக்கு ஆபீஸே இருக்காது. கட்டுமான ஒப்பந்தம் வெறும் முத்திரைத்தாளில் இருந்தால் போதாது, பதிவு செய்யுங்கள். அதில் கம்பி, சிமென்ட், டைல்ஸ், ஒயர் எல்லாம் என்ன பிராண்டு, என்ன அளவு என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். "தரமான பொருட்கள்" என்று எழுதியிருப்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

கட்டி முடித்த வீட்டையே வாங்குகிறீர்கள் என்றால் இன்னொரு ஆசை காட்டுவார்கள். பத்திரத்தில் காலி மனை என்று போட்டுக்கொள்ளலாம் சார், செலவு குறையும். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் என்பதால் ஆசை வருவது இயல்புதான். பதிவுத்துறை கள ஆய்வுக்கு வந்தால் குறைவான தீர்வையைக் கட்டச் சொல்வது உங்களைத்தான், பில்டரை அல்ல. அதைவிட முக்கியம், வீடே இல்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டில் குறை என்று எங்கே போய்ச் சொல்வீர்கள்?

வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப் பத்திரம், பவர் பத்திரம் இதெல்லாம் வக்கீல் வேலை, ஒரு நல்ல வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். பில்டர் சிபாரிசு செய்கிற வக்கீலிடம் வேண்டாம். நான் வக்கீலிடம் கேட்கச் சொல்வது இரண்டே விஷயம். லேஅவுட் ரோடும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதா? பிரதான சாலையிலிருந்து லேஅவுட்டுக்கு வருகிற வழி யார் பெயரில் இருக்கிறது?

சரி, நிலத்துக்கு வருவோம். புறநகர் லேஅவுட்டுகளில் கணிசமானவை ஒரு காலத்தில் நஞ்சை. 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் பார்த்தோம். அதனால் புல வரைபடத்தை வாங்கி, பக்கத்தில் ஓடை, வாய்க்கால் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து, மழை பெய்தால் இங்கே தண்ணி எதுவரைக்கும் நிக்கும் என்று கேளுங்கள். பில்டர் சொல்லாததை டீ மாஸ்டர் சொல்லிவிடுவார்.

வீட்டின் தரைமட்டம் போதுமா என்பதை, இப்போது இருக்கிற ரோட்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். லேஅவுட்டில் இப்போது இருப்பது ஜல்லி ரோடு, அதன்மேல் தார் வரும், சில வருடம் கழித்துப் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேல் இன்னொரு தார் வரும். ஒவ்வொரு முறையும் ரோடு ஏறும், உங்கள் வீடு அங்கேயே இருக்கும். அதையும் கணக்கில் வைத்து, நான் குறைந்தது இரண்டரை, மூன்று அடி உயரமாவது கேட்பேன்.

இந்த வீடுகளில் நான் அதிகம் பார்க்கிற குறை எது என்றால் தரை இறங்குவதுதான். அஸ்திவாரத்துக்கு மேல், தரைமட்டத்தில் பிளிந்த் பீம் என்கிற கான்கிரீட் உத்தரம் போட்டு அதன்மேல் சுவர் எழுப்பிவிடுவார்கள், சுவர் அசையாது. ஆனால் பீமுக்குள்ளே அறைக்கு அறை மண் நிரப்ப வேண்டும், அதை அரை அடி, முக்கால் அடி கனத்துக்குப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து, அப்புறம் அடுத்த அடுக்கு போட வேண்டும். அவசரத்தில் ஜேசிபியை விட்டு ஒரே நாளில் மொத்தத்தையும் கொட்டி, மேலே கான்கிரீட், அதன்மேல் டைல்ஸ். கொட்டியதில் இடித்த கட்டடத்தின் கழிவும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு மழைக்காலம் போனதும் உள்ளே மண் அமரும், தரை அதோடு இறங்கும், சுவரோரம் ஒட்டிய ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவில் ஏடிஎம் கார்டு நுழைகிற இடைவெளி விழும். இதைச் சரிசெய்ய ஒரே வழி தரையை உடைப்பதுதான். வாங்குவதற்கு முன் கண்டுபிடிக்க, ஒரு மரக்குச்சியால் எல்லா டைல்ஸையும் தட்டிக்கொண்டே போங்கள், குறிப்பாக அறையின் நடுவிலும் மூலைகளிலும். ஒன்றிரண்டு டப்பா மாதிரி சத்தம் கேட்டால் ஒட்டியதில் குறை, டைல்ஸை மட்டும் மாற்றினால் போதும். ஓர் அறையில் வரிசையாக அப்படிக் கேட்டால், ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் நகராதீர்கள்.

படப்பை பக்கம் ஒரு வீடு. பாத்ரூமில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க ஒரு வாளி கேட்டேன். "தண்ணி கனெக்‌ஷன் இன்னும் குடுக்கல சார்" என்றார் சூப்பர்வைசர். பக்கத்து சைட் தொட்டியிலிருந்து நாங்களே மொண்டு வந்து ஊற்றினோம். தண்ணீர் டிரெயின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வாசலுக்கு வந்து, நிலைப்படியைத் தாண்டி, பெட்ரூமுக்குள் போய் வார்ட்ரோபுக்கு அடியில் நுழைந்தது. "யூஸ் பண்ணப் பண்ணச் சரியாயிடும் சார்" என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். வாங்க வந்தவரின் அம்மா, அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்தவர், "ஏன் தம்பி, யூஸ் பண்ணினா தண்ணி மேட்டுக்கு ஏறுமா?" என்று கேட்டார். எனக்கு அதற்குமேல் ரிப்போர்ட் எழுத வேலையில்லை. பதிவுக்கு இன்னும் நாள் இருந்ததால் தரையை உடைத்து வாட்டம் சரிசெய்து கொடுத்தார்கள்.

மொட்டை மாடியிலும் இதே சோதனைதான், கொஞ்சம் பெரிய அளவில். மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து, ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விடச் சொல்லுங்கள், மறுநாள் கீழே சீலிங்கைப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

விரிசல் விஷயத்தில் மக்கள் தேவையில்லாததற்குப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதைக் கடந்து போகிறார்கள். பூச்சில் தலைமுடி போல ஓடுகிற கீறல்கள் பெரும்பாலும் பூச்சோடு நிற்பவை. தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேராக மேலிருந்து கீழே ஓடினால், அங்கே கோழி வலை அடிக்காமல் பூசியிருக்கிறார்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகிற விரிசல், அதுவும் வெளியிலும் உள்ளேயும் ஒரே இடத்தில் தெரிந்தால், அஸ்திவாரத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரம். இவற்றைப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் பகலில் தெரியாது. இருட்டிய பிறகு போய், டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். ஒட்டுப்போட்ட இடமெல்லாம் மேடு பள்ளமாகக் கிளம்பும்.

கான்கிரீட் உள்ளே எப்படி இருக்கிறது என்பதை முடிந்த வீட்டில் வெறும் கண்ணால் சொல்ல முடியாது. கட்டும்போதே புக் செய்தவர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா, தூணில் சாக்கு சுற்றி நனைத்திருக்கிறார்களா? இப்போது பெரும்பாலும் பிபிசி எனப்படும் சாம்பல் கலந்த சிமென்ட்தான், அதற்குக் குறைந்தது 10 நாள் நீராற்ற வேண்டும், அதாவது ஈரமாகவே வைத்திருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. லீவு நாளில் தளம் காய்ந்து கிடந்தால் மற்ற நாளிலும் அப்படித்தான். கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பலம் பார்க்கிற கியூப் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேளுங்கள்.

மின்சாரத்தில் இரண்டு பொறி. ஒன்று, கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே சாவியைக் கொடுத்துவிடுவார்கள், அதற்குக் கட்டணம் அதிகம், நிரந்தர இணைப்புக்கு அலைவது உங்கள் தலையில் விழும். இன்னொன்று எர்த். சில நூறு ரூபாய்க்கு சாக்கெட் டெஸ்டர் கிடைக்கிறது, ஒவ்வொரு பிளக்கிலும் சொருகிப் பாருங்கள். மூன்று துளை இருக்கும், மூன்றாவதில் ஒயரே இருக்காது. ஆர்சிசிபியில் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். அப்படியே வாசலில் உள்ள மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் மூடியையும் தூக்குங்கள். 2003-லிருந்து கட்டாயம் என்பதால் மூடி எல்லா வீட்டிலும் இருக்கும். உள்ளே கூழாங்கல் இருக்கிறதா, காலி சிமென்ட் சாக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் எப்போது செய்வது? பதிவுக்கும் கடைசித் தவணைக்கும் முன்னால். லோன் என்றால், பாங்க் பொதுவாக உங்கள் கையெழுத்து வாங்கித்தான் தவணையை விடுவிக்கும், அந்தக் கையெழுத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரெரா சட்டப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கவே கூடாது, அதையும் நினைவில் வையுங்கள். அப்புறம் ஒன்று, கிரகப்பிரவேசத் தேதியை பில்டரிடம் சொல்லாதீர்கள். எப்போ சார் பால் காய்ச்சுறீங்க என்று அவர்கள் அன்பாகக் கேட்பது சும்மா இல்லை. தை முகூர்த்தம் குறித்து, பத்திரிகை அடித்து, வாடகை வீட்டையும் காலி செய்வதாகச் சொல்லிவிட்டவர் எந்தக் குறையோடும் சாவியை வாங்கிக்கொள்வார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சாவி கொடுக்கும்போது ஒரு கடிதம் நீட்டுவார்கள். "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு, குறைகளின் பட்டியலைப் படங்களோடு இணைத்து, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட பிறகு வாங்குங்கள். ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது ரெரா சட்டத்தின் 14(3) பிரிவு. போனில் சொல்வது கணக்கில் வராது. தேதியோடு ஈமெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். சரிசெய்யவில்லை என்றால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே ஆஜராகலாம். ஏற்கனவே பதிந்துவிட்டவர்கள் இந்தக் கடைசிப் பத்தியில் இருந்து தொடங்குங்கள், முதல் கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள்.