முதலில் மண்டை, அப்புறம் கண்

ஓவிய வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் பழைய நோட்டை எடுத்துவரச் சொல்வேன். அண்மையில் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவியின் நோட்டு முழுக்க அனிமே, அதாவது ஜப்பானிய கார்ட்டூன் பாணி முகங்கள். எல்லாமே இடப்பக்கம் திரும்பிய முக்கால் முகம். பாதிக்கு மேல், நெற்றிமுடி ஒரு கண்ணை மூடியிருந்தது.

"இன்னொரு கண்ணு எங்கேம்மா?"

"அது மட்டும் எப்பவும் கோணலாப் போயிடுது சார். அதான் முடியப் போட்டு மூடிட்டேன்."

இதே நோட்டை வேறு வேறு பிள்ளைகளின் கையில் பலமுறை பார்த்திருக்கிறேன். வலக்கையால் வரைபவர்களுக்கு இடப்பக்கம் பார்க்கும் முகம் எளிதாக வரும். மணிக்கட்டு வளையும் போக்கு அப்படி. கண்தான் ஆசையாக இருப்பதால் முதலில் ஒரு கண்ணை மினுமினுப்போடு முடித்துவிட்டு, அதைச் சுற்றி முகத்தை ஒட்டவைக்கிறார்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள். முகத்துக்குச் சுவர், மண்டை.

ஆகவே முதலில் ஒரு பந்து. அதன் கீழே தாடை. பிறகு முகத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, கண்மட்டத்தில் குறுக்காக ஒன்று. இந்த வழிகாட்டிக் கோடுகளை ஜப்பானிய ஓவியர்கள் 'அதாரி' என்கிறார்கள். முகம் திரும்பினால் நடுக்கோடும் பந்தின் மேல் வளைந்து திரும்ப வேண்டும். அந்த வளைவு சரியாக விழுந்துவிட்டால் இரண்டாவது கண்ணின் இடம் தானே தெரியும்: உயரம் கிட்டத்தட்ட அதே, அகலம் மட்டும் குறைவு.

நிஜ மனிதருக்கு உச்சந்தலைக்கும் முகவாய்க்கும் சரிபாதியில் கண் இருக்கிறது. அனிமேயில் பெரும்பாலும் அதற்குக் கீழே. நெற்றி பெரிது, முகவாய் சிறிது. கைக்குழந்தையின் முக அளவு அது, பார்த்ததும் பிரியம் வருவதும் அதனால்தான். அதே பாத்திரத்துக்கு வயதைக் கூட்ட, கண்ணை மேலே ஏற்றிக் குறுக்கி, மூக்கையும் தாடையையும் நீட்டினால் போதும். இது புரிந்த பிள்ளை சொந்தமாகப் பாத்திரம் படைக்கத் தொடங்கிவிடும்.

கருவிழியை முழு வட்டமாகப் போடாதீர்கள், முகம் மிரண்டதுபோல் ஆகிவிடும். மேல்பகுதி இமைக்குள் ஒளிந்திருக்கட்டும். பக்கவாட்டு முகத்தில் பின்மண்டையை வெட்டிவிடுவது இன்னொரு பழக்கம். மூக்கிலிருந்து பின்மண்டை வரையுள்ள ஆழம், தலையின் உயரத்துக்கு ஏறக்குறைய சமம். விரலால் அளந்து பாருங்கள். பென்சிலை அழுத்த வேண்டாம்.

ட்ரேஸ் எடுப்பது தப்பா என்று கேட்பார்கள். கை பழக எடுக்கலாம், "நான் வரைந்தது" என்று காட்டக் கூடாது. ஆனால் ட்ரேஸ் எடுத்த முகத்தை வேறு பக்கம் திருப்பி வரையத் தெரியாது. அனிமே ஸ்டூடியோக்களில் ஒரே பாத்திரத்தைப் பலர் வரைவதால், முன், பக்கம், பின் என எல்லாக் கோணமும் உள்ள மாதிரித் தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்படியும் முகம் மாறிவிட்டால் திருத்துவதற்கென்றே 'சகுகா கந்தோகு' என்றொரு பொறுப்பு இருக்கிறது. எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய தலையைத்தான் அவர்கள் வரைகிறார்கள்.

"இந்த பொம்மைப் படத்தை நிறுத்திட்டு நல்லதா ஏதாவது சொல்லிக்குடுங்க சார்" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து அந்த நோட்டைப் பிடுங்காதீர்கள். பெரிய கண் கொண்ட இந்தப் பாணியைப் பரப்பிய ஜப்பானிய ஓவியர் ஒசாமு தெசுகா, மருத்துவப் பட்டம் பெற்றவர். உங்கள் பிள்ளையை வரைய வைத்ததே இந்த ஆசைதான். வேண்டுமானால் தினம் பத்து நிமிடம் அவர்கள் எதிரில் அசையாமல் உட்காருங்கள். நிஜ முகத்தைப் பார்த்து வரையாத கைக்கு, அனிமேயில் எதைச் சுருக்குகிறோம் என்பது தெரிவதே இல்லை.

அந்த மாணவி இப்போது தினமும் அவள் பாட்டியை வரைகிறாள். சென்ற வாரம் வலப்பக்கம் திரும்பிய அனிமே முகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். நெற்றிமுடி ஒதுங்கி, இரண்டு கண்ணும் வெளியே. நான் வாய் திறக்கும் முன் அவளே தாளைப் புரட்டிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது கண்ணு கொஞ்சம் இறங்கிருக்கு சார்" என்று ரப்பரை எடுத்தாள்.